வாயின் ஆறுதலும் வயிற்றின் வரலாறும்

மனக்கலக்கம் மிகுந்த காலங்களில் மனிதர் பசியின்றியும் உண்கின்றனர். இனிப்பையும் எண்ணெய்ப் பண்டங்களையும் நாடுகின்றனர். இஃது உடலுக்குத் தீங்கு. ஆகவே மனத்தை அடக்குக, நீர் அருந்துக, சிறிது தூரம் உலாவி வருக, உண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. இவ்வாறான அறிவுரைகள் நமது பத்திரிகைகளின் நலவியற் பக்கங்களில் இன்று மலிந்து காணப்படுகின்றன. அவற்றுட் பல மருத்துவ அறிவுக்கு முரணானவை அல்ல. அவற்றை எழுதுவோரின் நன்னோக்கையும் நாம் ஐயுறவில்லை. ஆயினும் அவற்றைப் படிக்குந்தோறும் ஒரு வினா எழாமல் இருப்பதில்லை. இவ்வறிவுரைகள் எந்த மனிதனை நோக்கி எழுதப்படுகின்றன? கவலை வந்தபொழுது எழுந்து உலாவுவதற்கு அவனுக்கு நேரம் உண்டா? அலுமாரியிலே ஒதுக்கி வைப்பதற்குப் பண்டங்கள் உண்டா?

நாவலப்பிட்டியைச் சூழ்ந்த மலைகளிலே இவ்வினாவுக்கு விடை தேடலாம். மழை விடாத ஆடி மாதம். விடியலில் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டு மலையேறிய பெண்ணொருத்தி, முற்பகலில் கூடையை இறக்கி வைக்கிறாள். போத்தலிலே கொண்டுவந்த வெறுந்தேநீர் ஆறிப்போயிருக்கின்றது. முந்தானையில் முடிந்து வைத்த சீனியில் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் கொட்டி, ஒரு முறை நக்கி, ஒரு மிடறு குடிக்கிறாள். மீண்டும் நக்கி, மீண்டும் ஒரு மிடறு. சீனியைத் தேநீரிலே கலந்துவிட்டால் அது எங்கு போயிற்றென்று நாவுக்குத் தெரியாது. கையில் வைத்து நக்கினாலோ, ஒரு கரண்டிச் சீனி ஒரு கோப்பைத் தேநீர் முழுவதற்கும் இனிக்கும். அது முடிந்ததும் வெற்றிலையை மடித்துக் கடைவாயில் அடக்கிக்கொள்கிறாள். அதன் பின்னரே மீண்டும் கூடை முதுகில் ஏறுகின்றது. கொழுந்தின் நிறை குறைந்தால் அன்றைய பேர் அரைப்பேராகிவிடக் கூடும் என்ற அச்சம் அவளோடு ஏறுகின்றது. பிள்ளைக் காம்பராவில் விட்டுவந்த குழந்தையின் காய்ச்சலும், கடைக்காரரின் கடன் புத்தகமும் கூடவே ஏறுகின்றன.

இந்தச் சீனியும் இந்த வெற்றிலையும் பசிக்கு உணவாவனவா? ஆகா. நாவின் பேராசையா? அவ்வாறு சொல்வதற்கு மனச்சான்று இடந்தராது. இவை ஆறுதல். நாள் என்னும் நெடும்பாதையை நடக்கக்கூடிய சிறு துண்டுகளாக வெட்டித்தரும் ஆறுதல். இந்த ஆறுதலைப் பற்றி நமது மரபும், நமது முற்போக்கு இலக்கியமும், நமது மருத்துவ அறிவுரையும் என்ன கூறியுள்ளன என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபு உணவைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்த மரபு. ஒருபுறம் மணிமேகலை நிற்கின்றாள். அவள் கையிலுள்ள அமுதசுரபி, பசியை ஒரு பிணியாகக் கண்டு அதனைத் தீர்ப்பதையே தலையாய அறமாகக் கொண்ட சிந்தனையின் சின்னம். அச்சிந்தனையின் வழியிலேயே வள்ளலார் 1867ஆம் ஆண்டு வடலூரிலே சத்திய தருமச்சாலையை நிறுவினார். மறுபுறம் வள்ளுவர் நிற்கின்றார். 'மருந்து' என்னும் அதிகாரத்தில் அவர் மருந்தின் பெயர்களைப் பட்டியலிடவில்லை. முன்னுண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்ணும் ஒழுக்கத்தையே மருந்தாகக் கூறுகின்றார். பசித்தவனுக்கு மணிமேகலை இருக்கின்றாள். மிகுதியாக உண்பவனுக்கு வள்ளுவர் இருக்கின்றார். ஆயின் பசியும் முற்றாகத் தீராமல், மிகுதியாக உண்ண வழியுமில்லாமல், துயரத்தை ஆற்றிக்கொள்வதற்காக மட்டும் ஏதோ ஒன்றை வாயிலிடும் மனிதனுக்கு யார் இருக்கின்றார்? அவன் பழைய சமுதாயத்தில் இல்லாதவன் எனக் கூறமுடியாது. ஆனால் அவனை ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் உருவாக்கியது நவீன உற்பத்தி முறையே.

இங்கே வரலாற்றைச் சற்று நோக்குதல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே தொழிற்சாலை மனிதனின் நாளை வாங்கிக்கொண்டபோது, சமைத்து உண்ணும் நேரத்தையும் உடன் வாங்கிக்கொண்டது. சூடான உணவின் இடத்தைச் சீனியிட்ட தேநீரும் பாணும் பழப்பாகும் பிடித்துக்கொண்டன. சிட்னி மின்ட்ஸ் என்ற மானிடவியலறிஞர் 1985இல் வெளியிட்ட 'இனிமையும் அதிகாரமும்' என்ற நூலிலே இவ்வரலாற்றை விரித்துரைத்துள்ளார். 1900ஆம் ஆண்டளவில் ஆங்கில மக்களின் உணவுச் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினைச் சீனியே வழங்கியது என்பது அவர் தரும் கணக்கு. ஒரு காலத்தில் அரசர்களின் மேசைக்கு மட்டும் உரியதாயிருந்த பண்டம், மலிந்ததும் தொழிலாளியின் களைப்பை மறைக்கும் பண்டமாயிற்று.

அந்தக் கோப்பைக்குள் இருந்தவை எவை? சீனிக்காக மொரிசியசின் கரும்புத் தோட்டங்களுக்கும், 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றுமதி செய்யப்பட்டனர். 1869இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின், இம்மலைகளில் தேயிலை பரவியது. அதனைப் பறிக்கவும் தமிழரே வந்தனர். 1874ஆம் ஆண்டு நாவலப்பிட்டியை எட்டிய இருப்புப்பாதை மலையேறும்போது அரிசி மூட்டைகளையும், இறங்கும்போது தோட்டங்களின் விளைவையும் சுமந்தது. மான்செஸ்டர்த் தொழிலாளியின் ஆறுதற் கோப்பையிலே சீனியாகக் கரைந்தவனும் தமிழன். தேயிலையாகக் கொதித்தவனும் தமிழன். உலகத் தொழிலாளரை ஒன்றுபடுத்த வேண்டுமென்று நாம் பேசுகின்றோம். முதலாளித்துவமோ அவர்களை ஒருவரையொருவர் அறியாதபடி ஒரே கோப்பைக்குள் முன்னரே ஒன்றுபடுத்திவிட்டது. பிற்காலத்தில் அதே கோப்பை தோட்டத் தொழிலாளியின் கைக்கும் வந்து சேர்ந்தது. நல்ல தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போயிற்று. தூள் லயத்துக்கு வந்தது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். புதுமைப்பித்தன் 1935இல் 'மணிக்கொடி'யில் எழுதிய 'துன்பக்கேணி', மருதி என்னும் பெண்ணைக் கொண்டு தோட்ட வாழ்க்கையின் கொடுமையைத் தமிழ் வாசகன் முகத்தில் அறைந்தாற்போலக் காட்டிற்று. ஸி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் யாத்து, சக்தீ பால ஐயாவின் கைவண்ணத்தில் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாகிய நெடுங்கவிதை, விடியலில் அதிரும் தப்பையும் தேயிலைச் செடியின் அடியில் பெயரின்றிப் புதைந்தவர்களையும் அழியாச் சித்திரமாக்கிற்று. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வெளிவந்து, கடல் கடந்து வந்தோரின் ஏமாற்றத்தைத் தலைமுறைகளின் கதையாக விரித்தது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற கதையில் கூடையின் நிறை ஒரு பெண்ணின் மானத்தோடு பிணைந்துவிடுகின்றது. தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' லயத்தின் நெருக்கடியை உள்ளிருந்து பேசிற்று. இவ்வெழுத்தாளர்களுக்கு மலையகம் மட்டுமன்று, தமிழிலக்கியம் முழுவதுமே கடன்பட்டுள்ளது.

அவர்கள் பசியைப் பாடினர். நாடற்ற நிலையைப் பாடினர். கங்காணியையும் துரையையும் தோலுரித்தனர். தேநீரும் வெற்றிலையும் சாராயமும் அவ்வெழுத்துக்களில் இல்லாமலில்லை, பக்கந்தோறும் வருகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் களத்தின் சூழலாகவே வருகின்றன; வினாவாக வருதல் அரிது. வெற்றிலை பாத்திரத்தின் அடையாளமாகின்றது. தேநீர் உரையாடலுக்கு இடைவெளி தருகின்றது. சாராயம் குடும்பத்தைக் கெடுக்கும் தீமையாகின்றது. அப்பெண் ஏன் அந்தக் கணத்தில், அந்தச் சீனியை, அத்துணைக் கவனத்தோடு நக்கினாள் என்னும் கேள்வியைக் கேட்டு நின்ற எழுத்து மிகக் குறைவு. வயிற்றின் வரலாற்றை நாம் எழுதினோம். வாயின் வரலாற்றை எழுதவில்லை.

இக்குறைக்குக் காரணம் யாது? நமது முற்போக்குப் பார்வையிலேயே அது மறைந்திருப்பதாக நாம் கருதுகின்றோம். துன்பப்படும் தொழிலாளியைக் காட்டும்போது, அவனுக்கு ஓர் இன்பமும் இருக்கலாகாது என்று நாம் உள்ளூர எண்ணுகின்றோம். இன்பம் ஒன்றைக் காட்டிவிட்டால் துன்பத்தின் கனம் குறைந்துவிடும் என்ற அச்சம் நமக்கு. ஆதலால் வறியவனை நாம் முற்றிலும் வெறுமையானவனாகப் படைக்கின்றோம், அல்லது குடியில் மூழ்கிய வீழ்ந்தவனாகப் படைக்கின்றோம். இவ்விரண்டுக்கும் இடையிலேதான் பெரும்பாலான மக்கள் வாழ்கின்றனர்.

இத்துறையில் ஜோர்ஜ் ஓர்வெல் 1937இல் எழுதிய 'விகன் துறைக்குச் செல்லும் பாதை' நமக்குப் பாடமாக அமையத்தக்கது. வேலையற்ற சுரங்கத் தொழிலாளியின் வாராந்தச் செலவுக் கணக்கை அவர் எடுத்துப் பார்க்கிறார். தோடம்பழமும் தவிட்டுப் பாணும் வாங்கக்கூடிய பணத்தில் அவன் சீனியும் தேயிலையும் வாங்குவதை மறைக்கவில்லை. மறைக்காததோடு அவர் நிற்கவுமில்லை. கையில் காசு குறையக் குறைய, சுவையற்ற சத்துணவில் அதனைச் செலவிட மனிதனுக்கு மனம் குறைந்துகொண்டே போகின்றது என்று விளக்குகின்றார். வாழ்வு சலித்தவனுக்குச் சத்துணவினும் சற்றுச் சுவையானது தேவைப்படுகின்றது. அதே வேளையில் அவ்வுணவு பற்களையும் உடலையும் கெடுத்ததையும் அவர் எழுதத் தவறவில்லை. அனுதாபம், உண்மை என்ற இரண்டையும் ஒருசேரக் கைவிடாத பார்வை அது. அதற்கும் முன்னே, 1845இல், ஏங்கெல்ஸ் ஆங்கிலத் தொழிலாளரின் குடிப்பழக்கத்தைப் பற்றி எழுதியபோது, அதனைத் தனிமனிதரின் ஒழுக்கக்கேடாக ஒதுக்காமல், அவர்கள் வாழ நேர்ந்த நிலைமையின் விளைவாகவே கண்டார். நாம் ஏங்கெல்சை மேற்கோள் காட்டுகின்றோம். ஆயின் லயத்துத் தவறணையைப் பார்க்கும்போது மட்டும் ஒழுக்க போதகர்களாகி விடுகின்றோம்.

அறிவியலும் இன்று இப்பார்வைக்குத் துணை நிற்கின்றது. மேரி டோல்மன் என்ற உடலியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரையொன்று இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது. எலிகளைக் கொண்டு நிகழ்த்திய சோதனைகளின் அடிப்படையில் அவர்கள் முன்வைத்த கருத்து இதுவாகும்: நெருக்கடி நாட்கணக்கில் நீடிக்கும்போது உடலில் சுரக்கும் ஓமோன்கள், இனிப்பையும் கொழுப்பையும் நாடச் செய்கின்றன, அவ்வுணவோ நெருக்கடியை உணர்த்தும் மூளையின் கொந்தளிப்பைத் தணிக்கின்றது. அதாவது, ஆறுதல் என்பது மெய்யாகவே ஆறுதல். மனத்தளர்ச்சியுடையவனின் மயக்கமென்று அதனை ஒதுக்கிவிட முடியாது. 'மனத்தை அடக்கு' என்னும் அறிவுரை ஏன் தோற்கின்றது என்பதும் இதனால் விளங்கும். நெருக்கடி அப்படியே இருக்க, அதைத் தணிக்கும் ஒரே பொருளை மட்டும் பறித்துக்கொள்ளுமாறு அது கேட்கின்றது.

ஆயின், இதனால் ஆறுதல் உணவு தீங்கற்றது என்ற முடிவுக்கு வருவது பெரும் பிழையாகும். உணவோடு சேர்த்துக் குடிக்கும் கடுந்தேநீர், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கின்றது; மரக்கறியும் ரொட்டியுமே உணவாகவுள்ள பெண்ணுக்கு இரத்தச்சோகை இதனால் மிகும். பாக்கும் வெற்றிலைக் கூட்டும் புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் புற்றுநோயை விளைவிப்பவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட நூலில் வகுத்துரைத்தது. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்பதை எந்த மருத்துவமனையிலும் காணலாம். அன்றன்றைய துயரை ஆற்றும் பொருளே ஆண்டுகள் செல்லச் செல்ல மற்றொரு துயராகத் திரும்பி வருகின்றது. ஆறுதலின் கடனுக்கும் வட்டி உண்டு. அதனையும் ஏழையே கட்டுகிறான்.

இவ்வாறுதலுக்கான தேவையை மலைநாட்டில் காலம் மீண்டும் மீண்டும் கூர்மையாக்கியுள்ளது. 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அரிசி வரத்து நின்று, கோதுமை மா பங்கீட்டு உணவாக வந்து, ரொட்டியாக லயங்களில் நிலைத்துவிட்டது. 1973, 74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டப்புறங்களின் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வளர்ச்சி குன்றியோர் நூற்றுக்கு 17 பேராக இருக்க, தோட்டப்புறத்தில் அத்தொகை ஏறத்தாழ 32 ஆக இருந்தது. நீண்ட போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்ற சம்பளம் சட்டமாக்கப்பட்டது. மறு ஆண்டே நாடு கடனைக் கட்டமுடியாமல் வீழ்ந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்குள் நூற்றுக்கு 94.9 வீதம் உயர்ந்திருந்தது. ஆயிரம் ரூபாய் ஆயிரமாகவே இருந்தது. அது வாங்கிய மாவும் சீனியும் தேங்காயும் பாதியாயின.

அந்நாட்களில் நாவலப்பிட்டி நகரின் எண்ணெய் வரிசைகளிலும் எரிவாயு வரிசைகளிலும் நின்றவர்களுள் ஆசிரியர்களாகிய நாமும் இருந்தோம். நமது ஆசிரியர் அறையில் நிகழ்ந்ததை நாம் மறந்துவிடலாகாது. சம்பளம் தேய்ந்தது, பஸ் இல்லை, பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அப்போது பத்து மணி மணியடித்ததும் கடையிலிருந்து வடையும் ரோல்சும் வருவிப்பதை நாம் நிறுத்தவில்லை; முன்னிலும் ஆவலோடு பங்கிட்டுக்கொண்டோம். விலையைப் பேசிக்கொண்டே உண்டோம். அதே வேளையில், பகலுணவுக்கு ஒரு பனிசும் இனிப்புப் பானமும் கொண்டுவந்த மாணவனைப் பார்த்து, 'வீட்டிலே நல்ல சாப்பாடு செய்து தரமாட்டார்களா?' என்று கேட்டவர்களும் நம்மிடையே இருந்தனர். நமது வடை ஆறுதல். அவனது பனிசு அறியாமை. வர்க்கப் பார்வை எங்கோ பெரிய நூல்களில் மட்டும் இருப்பதன்று. ஒரு பனிசின் மேலும் அது வந்து அமர்கின்றது.

இந்நிலையில், செய்யத்தக்கது யாது? சமுதாயம் மாறும் வரையில் சீனியைப் பற்றிப் பேசுவதே வீண் என்று சொல்லும் தோழர்கள் உள்ளனர். அவர்களுடன் நாம் உடன்படுவதற்கில்லை. வாய்ப் புற்று புரட்சிக்காகக் காத்திருப்பதில்லை. உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடலாம். காலையுணவைத் தவிர்க்காமல், முற்பகல் தேநீரோடு அவித்த கடலையோ பயறோ கிடைக்கச் செய்தால் சீனியின் பிடி தளரும். சீனியைச் சடுதியாக நிறுத்தாமல் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். வெற்றிலைப் பெட்டியைச் சுற்றி அமரும்போது கிடைக்கும் ஆறுதலில் பாதி பாக்கினால் வருவதன்று. அருகிலிருக்கும் மனிதரால் வருவது. பாக்கை விலக்கும்போது அந்தக் கூட்டத்தையும் பேச்சையும் கலைத்துவிடாதிருத்தல் வேண்டும். பரீட்சைக் காலத்தில் நள்ளிரவில் மிக்சர்ப் பொதியோடு தனித்திருக்கும் மாணவனுக்கும் இது பொருந்தும். அவன் கேட்பது உப்பும் உறைப்பும் மட்டுமல்ல. தன் அச்சத்தைக் கேட்க ஓர் ஆளையும் அவன் தேடுகின்றான்.

ஆயின் இவற்றைச் சொல்ல உரிமை பெறவேண்டுமாயின், இன்னும் சிலவற்றையும் சேர்த்தே சொல்லவேண்டும். உட்கார்ந்து உண்ணும் நேரம் வேலை நாளின் பகுதியாக வேண்டும். லயத்தை அடுத்துக் கீரையும் மரக்கறியும் பயிரிடச் சொந்த நிலம் வேண்டும். பிள்ளைக் காம்பராவிலும் பாடசாலையிலும் சத்துள்ள பகலுணவு தவறாது கிடைக்கவேண்டும். விலையோடு ஏறும் சம்பளம் வேண்டும். இவற்றைக் கோராமல் சீனியைக் குறைக்கச் சொல்வது அறிவுரை என்ற பெயரில் வரும் ஏளனம். இவற்றைக் கோரிக்கொண்டே சீனியைக் குறைக்கச் சொல்வது தோழமை.

இலக்கியத்தின் கடமை இவ்விரண்டுக்கும் முற்பட்டது. எதிர்வரும் மலையக எழுத்தாளனிடம் நாம் வேண்டுவது ஒன்றே: அந்தப் பெண்ணின் உள்ளங்கையைக் காட்டுக. அங்கே தேயிலைக் கறை படிந்த ரேகைகளுக்கிடையே சிறிது சீனி இருக்கின்றது. அதனை அழகென்று போற்ற வேண்டா. அறியாமையென்று பழிக்கவும் வேண்டா. அந்த ஒரு சிட்டிகை எங்கிருந்து வந்தது, எதனை ஆற்றுகின்றது, நாளை எதனை விலையாகக் கேட்கும் என்பதனை உள்ளபடி எழுதுக. ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் அதனைப் படித்த பின், ஒரு பனிசைக் கையில் வைத்திருக்கும் பிள்ளையிடம் வேறொரு கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்வோம்: 'காலையில் என்ன சாப்பிட்டாய், மகனே?'